கடைசியில் போட்ட கைபேசி

அவர் மாத்தளை நகரத்தில் மிளகும் கிராம்பும் வாங்கி விற்பவர். வெள்ளைத் தொப்பி, மடிப்புக் கலையாத சாரம். பேசுவதற்கு முன் ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொள்வார். கடையின் இணைய இணைப்பில் எதற்கு முன்னுரிமை என்று அமைத்துக் கொடுக்கப் போயிருந்தேன். எங்கே போனாலும் முதலாளிமார் தங்கள் கைபேசியைத்தான் முதலில் போடச் சொல்வார்கள்.

"முதல்ல கார்ட் மெஷின், அடுத்தது பில் போடுற கம்பியூட்டர். என்ட போனைக் கடைசியில போடுங்க மகள்."

"கடையில எல்லாம் ஓடுறப்ப உங்க கோல் வெட்டி வெட்டி வருமே ஹாஜியார்?"

கிராம்பு மறுகன்னத்துக்குப் போனது. "அதுதான் வேணும். கட்டார்ல இருந்து நானா அந்திக்கு வீடியோ கோல் எடுப்பாரு, பல்லேபொல தோட்டத்த விக்கச் சொல்லி. எனக்கு விக்க மனமில்ல. கூடப் பொறந்த மூத்தவரு, அவர்கிட்ட முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வராது. லைன் சரியில்லன்னு பொய் சொல்லவும் ஏலா."

அப்படியே அமைத்தேன். அந்தியில், கடை நிறைந்திருந்தபோது, அழைப்பு வந்தது. நானாவின் முகம் திரையில் அசையாமல் நின்றது.

"லைன் சரியில்ல நானா," என்றார், நிம்மதியாக.

அவர் சொன்னது உண்மை. லைனை அப்படி ஆக்கியவள் நான். அதில் பொய் இருந்தால் யார் கணக்கில் சேரும் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.