துளசி மாடத்துத் தீர்த்தக் குடம்

கொசு கடித்து மகள் காய்ச்சலில் கிடந்தாள். கொல்லையில் பழைய டயர், சிரட்டை, பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றையும் நானே கவிழ்த்துப் போட்டேன். சித்திரையில் அழகர்மலையிலிருந்து சுமந்து வந்து துளசி மாடத்தடியில் வைத்திருந்த தீர்த்தக் குடத்தை மட்டும் தொடவில்லை. சாமி தண்ணீரைக் கொட்ட மனசு வருமா?

கொசுப்புழு பார்க்க வீடுவீடாக வரும் பெண், அந்தக் குடத்துக்குள் டார்ச் அடித்தார்.

“சாமி தண்ணின்னு சொல்லி இம்புட்டுப் புழுவ வளத்து வச்சிருக்கீகளே அண்ணே!”

எட்டிப் பார்த்தேன். நூல்நூலாக நெளிந்தன. தினமும் காலையில் அந்தத் தண்ணீரைத்தான் கண்ணில் ஒற்றிக் குடித்தேன். மகள் வாயிலும் ஒரு மடக்கு விட்டிருந்தேன். வேலியோரம் ஓடி வாந்தி எடுத்தேன்.

“அழகரே, தண்ணியில குத்தமில்ல. மூடி வைக்காத என் கைதான் அசிங்கம்.”

வாயைக்கூடத் துடைக்காமல், குடத்தைத் தூக்கி வெயிலில் கொதித்த மண்ணில் கவிழ்த்தேன்.