வெள்ளைக்காரனுக்கு ஓர் இலை

ஆடி அமாவாசைக்கு எங்கள் வீட்டில் ஓர் இலை அதிகமாக விழும். அது ஓர் ஆஸ்திரேலியச் சிப்பாய்க்கு. உலகப் போரின்போது ஜப்பான்காரர்கள் ரயில் பாதை போட இழுத்துப்போன கூலிகளில் என் தாத்தாவும் ஒருவர். அந்தச் சிப்பாய் அங்கே கைதி. பேதியில் கிடந்தவன் வாயில் கடைசியாகத் தண்ணீர் ஊற்றியவர் தாத்தாதான். ஊற்றிய கைக்குப் படைக்கும் கடமையும் உண்டு என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

அந்த வழக்கத்தைக் கெடுத்தவர் என் பெரியப்பா. வெள்ளைக்காரன் என்றால் விஸ்கி கேட்பானாம். வருடம் தவறாமல் ஒரு புட்டி வைப்பார். கும்பிட்ட கையோடு தானே காலி செய்வார். செத்தவன் பெயரைச் சொல்லிக் குடிக்கவும் ஒரு துணிச்சல் வேண்டும். போதை ஏறினால் கதையும் ஏறும். பத்து ஜப்பான்காரர்களைச் சுட்டுவிட்டுத்தான் செத்தானாம். கைதிக்குத் துப்பாக்கி ஏது என்று கேட்க எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் வராது.

சென்ற ஆடி அமாவாசைக்கு அந்தச் சிப்பாயின் மகளே வந்தார். எண்பதைத் தாண்டியவர், அப்பாவைப் பார்த்ததே இல்லை. தாத்தா சொல்லிவைத்த பெயரை அக்கா மகள் இணையத்தில் போட்டிருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டு, தெற்கே போர்க் கல்லறையையும் பார்த்துவிட்டு, படகேறி ஆற்றைக் கடந்து எங்கள் ஊரான டாலாவுக்கு வந்துவிட்டார். அந்தக் கல்லறையில் கத்தரித்த புல், கழுவிய கல் என்று ராஜ மரியாதை. அதே பாதையில் செத்த எங்கள் ஆட்களுக்கு ஒரு செங்கல்கூடக் கிடையாது. நினைத்தாலே எனக்கு எரியும்.

"அப்பா தனியாகவா செத்தார்? அதைக் கேட்கத்தான் வந்தேன்" என்றார் அவர், ஆங்கிலத்தில்.

மொழிபெயர்க்க நான்தான். பெரியப்பா புட்டியோடு முன்னால் வந்தார். "சிங்கம் மாதிரி தனியா நின்னு சண்ட போட்டாருன்னு சொல்லுடா!"

நான் உள்ளதைச் சொன்னேன். சண்டையில்லை, பேதி. உடம்பு எலும்பாகியிருந்தது. தலை என் தாத்தா மடியில் இருந்தது. கேட்டதும் அந்த அம்மாள் அழுதார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "மடியிலா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

பிறகுதான் இலையருகே இருந்த புட்டியைப் பார்த்தார். "உங்கள் அப்பாவுக்கு" என்றேன். அவர் முகம் சுருங்கியது.

"அப்பா ரொட்டிக்கடையில் வேலை பார்த்தவர். அவருடைய அப்பா குடித்தே செத்தார். அதனால் இவர் ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை என்று அம்மா சொல்வாள்."

இதைப் பெரியப்பாவுக்கு நிறுத்தி நிதானமாகத் தமிழில் சொன்னேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது!

அந்த அம்மாள் புட்டியை எடுத்துத் தள்ளி வைத்தார். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கி இலையில் வைத்தார். பெரியப்பாவின் கண் புட்டியை விட்டு நகரவில்லை. அந்த வயதில் முதல்முறையாக ஒரு மனுஷி இலையைப் பார்த்து "அப்பா" என்று கூப்பிட்டது அவர் காதில் விழுந்திருக்காது.