சவரியம்மாளின் அடுப்புக்கற்கள்

சவரியம்மாளைக் கூடை முடைந்து காட்டத்தான் படகேற்றி வந்திருந்தார்கள். ஓவியம், கைத்தொழில், அறிவியல், காடு எல்லாம் சேர்த்து, அணைக்கு நடுவே இருக்கும் தீவில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் கண்காட்சி அது. அணை நிரம்புவதற்கு முன் அது தீவே இல்லை, ஏலக்காட்டு மலையுச்சி. அங்கே பதினோரு வருடம் குடிசை போட்டு இருந்தவள் சவரியம்மாள். காலி பண்ணச் சொன்னபோது எல்லாருக்கும் கடைசியாக இறங்கியவளும் அவள்தான்.

பந்தலுக்குள் வெள்ளைத்துணி விரித்த மேசையில் மூன்று கற்கள் இருந்தன. பக்கத்து அட்டையைக் கண்காட்சிப் பொறுப்பாளர் வாசித்துக் காட்டினார்: “மனிதக் கை படாத தீவில் இயற்கை செதுக்கியவை.”

அவளுக்குச் சுருக்கென்றது. “ஒரு பக்கத்துக் கரியையும் இயற்கைதான் பூசுச்சாக்கும்? இது என் அடுப்புய்யா!”

“கலைப்பொருள்மா. தொடக் கூடாது.”

அவள் மூன்றையும் ஒவ்வொன்றாக வெளியே தூக்கிப்போய்க் கூட்டிவைத்தாள். கூடைக்குச் சீவிய மூங்கில் சிம்புகளைச் செருகித் தீ மூட்டி, பாலில்லாத கட்டன்சாயாவுக்குத் தண்ணீர் வைத்தாள். கூட்டம் கூடிவிட்டது.

“கல்லை எடுத்த இடத்தில் வை!” என்று பொறுப்பாளர் கத்தினார்.

சவரியம்மாள் நிமிர்ந்தாள்.

“கை படாத கல்லுன்னு எழுதுனீகளே, இப்பக் கை வச்சுப் பாருங்க.”