பின்கேட் தெருவில் ஒரு டேங்க்

காசிக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. ஆம்பூரில் பிரியாணிப் பொட்டலம் வாங்கினால் கடை வாசலிலேயே பிரித்து, கறித் துண்டுகளைக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி கட்டுவார். கண்டக்டர் கொடுக்கும் சீட்டைப் படித்துப் பார்க்காமல் சட்டைப்பையில் வைக்கமாட்டார். மச்சான் கல்யாணப் பத்திரிகையை நீட்டியபோதுகூட, "இன்னாத்துக்கு இவ்ளோ அவசரம்?" என்று கேட்டு அந்த மனுஷன் முகத்தைச் சுண்டவைத்த புண்ணியவான்.

வேலையும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. தோல் பதனிடும் டேனரியில் டிரம் ஓட்டுகிறவர். குரோம் தண்ணீரில் உருண்டு வெளியே வருகிற தோல் மேலுக்கு நீலமாகத்தான் இருக்கும். ஓரத்தை வெட்டிப் பார்த்தால்தான் உள்ளேயும் நீலம் இறங்கியிருக்கிறதா, நடுவில் வெள்ளையாக நிற்கிறதா என்பது தெரியும். காசி வெட்டிப் பார்க்காமல் ஒரு லோடும் வெளியே போனதில்லை என்று சூப்பர்வைசரே சொல்வார். வீட்டுக்கு வந்தும் மனுஷர்களை அப்படியே வெட்டிப் பார்க்கிறாரே என்பதுதான் மனைவி அமிர்தவள்ளியின் குறை.

அவர்கள் வீடு, மூடிக் கிடந்த ஒரு பழைய டேனரியின் பின்னால் இருந்தது. அதனால் பின்கேட் தெரு என்று பெயர். டேனரியின் ஏஜெண்டு ஒருவன் அந்த இடத்தை மனை மனையாகப் பிரித்து, முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். பட்டா கிடையாது. பல வருஷம் அதைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை. போன மழையில் தண்ணீர் ஊருக்குள் புகுந்த பிறகு, ஏரியை ஆக்கிரமித்திருக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. ஏரி எதுவரைக்கும் என்று தாலுகா ஆபீஸுக்கே தெரியவில்லை. பழைய கணக்குப் புத்தகத்தில் அந்த ஏடு மக்கிப் போயிருந்தது. அளந்து பார்க்கப் போவதாகவும், ஏரிக்குள் வந்தால் வீடுகளை இடிப்பதாகவும் சொன்னார்கள்.

"ஏரியாவது மண்ணாவது. இது டேனரி நெலம்" என்று காசி சொல்லிக்கொண்டே திரிந்தார். சொன்னாரே தவிர, காட்டுவதற்கு அந்த ஏஜெண்டின் முத்திரைத்தாளைவிட்டால் கையில் ஒன்றும் இல்லை. பாதி ஆயுள் சம்பாத்தியம் அந்தச் சுவர்களுக்குள் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தன்சீல் அகமது வந்து சேர்ந்தான். ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயிலில், தெரு நடுவில் நின்றுகொண்டு கையிலிருந்த காகிதத்தையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இன்னா பாய், யார் ஊட்டத் தேடுற?" என்றார் காசி.

"ஊடு இல்லண்ணே, பழைய வண்டிப்பாதை. வெள்ளக்காரன் காலத்துல சர்வே பண்ணிப் போட்ட மேப்பு இது. இதுல இருக்கறதெல்லாம் இப்ப எங்க போச்சுன்னு பாக்கறேன். சும்மா, ஒரு ஆசை."

சும்மா என்றதுதான் காசியை உறுத்தியது. இந்த வெயிலில் சும்மா சுற்ற எவனுக்குப் பைத்தியம்? டீக்கடையில் விசாரித்தார். ஷூ கம்பெனியில் பேட்டர்ன் வெட்டுகிறவனாம். லீவு நாளில் மேப்பும் கையுமாக அலைவானாம். ஆலங்காயம் மலையடிவாரத்தில் புதருக்குள் கிடந்த ஒரு சத்திரத்தையே கண்டுபிடித்தவனாம். எல்லாரும் அவனை நல்ல பையன் என்றார்கள். எல்லாரும் நல்லவன் என்று சொன்னதும் காசிக்குச் சந்தேகம் இன்னும் ஜாஸ்தியாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு காசி அவனை விடாமல் ஒட்டிக்கொண்டார். தன்சீலும் சந்தோஷமாகவே காட்டினான். நெளிநெளியாகப் போவது மலையின் உயரக் கோடு, இது ரயில் பாதை, இந்தப் புள்ளி கிணறு. மலை மலையாகவே இருந்தது, ரயில் பாதை ரயில் பாதையாகவே இருந்தது. மேப்பில் குற்றம் சொல்லக் காசிக்கு ஒன்றும் அகப்படவில்லை. விரல் பின்கேட் தெருப் பக்கம் வந்ததும் தன்சீல் காகிதத்தை மடித்தான்.

"ஏன் மடிச்ச?"

"அங்க ஒண்ணும் இல்லண்ணே."

காசி காகிதத்தைப் பிடுங்கினார். அது ஜெராக்ஸ். நிறமெல்லாம் போய்க் கறுப்பும் வெள்ளையுமாக இருந்தது. அவர்கள் தெரு இருக்க வேண்டிய இடத்தில் வளைவாக ஒரு கோடு, அதன் நடுவில் ஒரு சொல். காசிக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் அந்த ஒரு சொல்லைத் தினம் பார்க்கிறார். அவர் வேலை பார்க்கிற டேனரியில் கழிவுத் தண்ணீர் போய் விழுகிற சிமெண்டுத் தொட்டியின் சுவரில் அந்த நாலு எழுத்தைத்தான் பெயிண்டால் எழுதியிருக்கிறார்கள்.

"டேங்க்!" என்று கத்திவிட்டார். "அந்தக் காலத்துலயே இங்க டேனரி டேங்க் இருந்துகீது! அப்ப இது டேனரி நெலந்தான?"

தன்சீல் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அமிர்தவள்ளி சத்தம் கேட்டு ஆவலோடு திரும்பிப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான். "விட்ருங்கண்ணே. பழைய மேப்பு, தப்பாக்கூட இருக்கும்."

"மல கரீட்டு, ரயிலு கரீட்டு, எங்க தெரு மட்டும் தப்பா? யாருகிட்ட துட்டு வாங்கிக்கினு வந்த நீ?"

காகிதத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் செல்போனில் படம் பிடித்துக்கொண்டார். அன்று சாயங்காலமே கடையில் பிரிண்ட் போட்டாயிற்று. மாதக்கணக்கில் பட்ட பயமெல்லாம் போய் நெஞ்சு லேசாகிவிட்டது. அமிர்தவள்ளியிடம் கறி எடுத்துவரச் சொன்னார்.

அளக்கிற நாளில் தாசில்தார் அம்மாவும் சர்வேயரும் வந்தார்கள். தெருவே கூடியிருந்தது. "ஆதாரம் ஏதாவது வச்சிருக்கீங்களா?" என்று தாசில்தார் கேட்டார். காசி காகிதத்தோடு முன்னால் போனார்.

பைக்கைத் தெருமுனையில் போட்டுவிட்டுத் தன்சீல் ஓடிவந்தான். "அண்ணே, குடுக்காதீங்க! ஒரு நிமிஷம் இப்டி வாங்க, நான் சொல்றேன்."

காசிக்கு அதுவரை மனதின் ஓரத்தில் சின்னத் தயக்கம் இருந்தது. இவன் குடுக்காதே என்றதும் அதுவும் போய்விட்டது. கொடுத்தே ஆக வேண்டிய காகிதம்தான் இது! அவன் கையைத் தட்டிவிட்டு நீட்டினார். "பாருங்கம்மா. டேங்க்னு போட்ருக்குது. டேனரி டேங்க். எங்க தெரு டேனரி நெலம்."

தாசில்தார் காகிதத்தைச் சர்வேயரிடம் காட்டினார். இருவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். அப்புறம் அந்த அம்மா கொஞ்சம் தணிவாகவே சொன்னார்:

"சர்வே மேப்புல டேங்க்னா ஏரிங்க. ஏரியத்தான் அப்டி எழுதுவாங்க. இந்த வளைவு கரை. உங்க தெரு கரைக்கு உள்ள இருக்கு. நாங்க தேடிக்கிட்டு இருந்ததே இதத்தான்."

கூட்டத்தில் யாரோ அவரைத் திட்டினார்கள். அவர் தன்சீலைப் பார்த்தார்.

"ஒனக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும்ணே."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே பாய்."

"சொன்னா நம்பியிருப்பீங்களாண்ணே?" என்றான் தன்சீல். அவன் கண் கலங்கியிருந்தது.

வீட்டு வாசலிலிருந்து அமிர்தவள்ளி குரல் கொடுத்தாள். "இன்னாய்யா சொல்றாங்க? நம்ம நெலம்னு எழுதிக்கினாங்களா?"

காசி அவள் பக்கம் திரும்பவில்லை. காகிதத்தைத் திரும்பக் கேட்டுத் தாசில்தாரிடம் கையை நீட்டினார். அதைச் சர்வேயர் ஏற்கெனவே பைலுக்குள் வைத்திருந்தார்.