சம்பந்தி வீட்டுச் சீன டீ

சம்பந்தியம்மாள் மேல் எனக்குக் கோபம் வந்தது கல்யாணத்தன்றே. போட்டோக்காரரிடம், "பொண்ண கொஞ்சம் சைடுல நிக்க வெச்சி எடுப்பா, ஃப்ரேமு கொள்ளல" என்றார். மேடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

என் மகள் திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டவள், அங்கேயே ஒரு பள்ளியில் ஆசிரியை. கல்யாணமாகி ஏழாம் மாதம், ஒரு புதன்கிழமை, பாடம் நடத்திக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். மருமகன் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தார். நான் போய் அவளை எங்கள் ஊரான விழுப்புரத்துக்குக் கூட்டிவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ரத்தத்தில் பொட்டாசியம் மிகவும் இறங்கியிருந்தது.

"பேதிக்கு ஏதாச்சும் சாப்பிடறியாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல சார்."

அவள் பொய் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை அது டீ.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்த பிறகு அவள் கைப்பையைத் துவைக்க எடுத்தேன். அடியில் இரண்டு டீப் பொட்டலங்கள், மடித்த அட்டைப்பெட்டி ஒன்று. பெட்டியில் சீன எழுத்து, பனிமலை, இடுப்பில் கைவைத்த ஒல்லிப் பெண். பக்கவாட்டில் எறும்பு அளவில் லத்தீன். முப்பத்தைந்து வருடம் அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராக இருந்தவளுக்கு அந்த லத்தீன் போதும். முதலாவது, தாமரை இலை. நம்மூரில் பூப் பொதிந்து கொடுப்பது. இரண்டாவது, நிலாவாரை. பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தேன். சந்தேகமே இல்லை. மலச்சிக்கல்காரர்களுக்கு இதே சரக்கை மாத்திரையாக எத்தனை முறை எடுத்துக் கொடுத்திருப்பேன்! திருநெல்வேலிப் பக்கம் வயல் வயலாக விளைந்து கப்பலேறுகிற இலை. சீனப் பெட்டிக்குள் புகுந்ததும் அதற்குக் கொழுப்பைக் கரைக்கும் சக்தி வந்துவிட்டதாம். சீன வைத்தியரே இதைச் சில நாளுக்கு மேல் கொடுக்கத் தயங்குவார். மகளிடம் விசாரித்தேன்: சம்பந்தியம்மாள் ஐந்து மாதமாகத் தினமும் இரண்டு வேளை ஊற்றியிருக்கிறார்.

ஊற்றியதோடு விட்டிருந்தால் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருப்பேன். அவர் அந்த டீயை வீட்டில் வைத்து விற்பவர். தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் என் மகளின் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தார். இடது பக்கம் மணப்பெண், வலது பக்கம் கன்னம் ஒட்டிய ஒரு நோயாளி. கீழே, "என் மருமகளே சாட்சி!"

"இது பேதி மருந்துடி" என்றேன் மகளிடம்.

"பதினோரு கிலோ கொறைஞ்சிருக்கேனேம்மா. நிறுத்தினா அத்தை மனசு கஷ்டப்படும். கொஞ்சமா குடிச்சிக்கிறேன்."

திங்கட்கிழமை மருமகன் அழைத்துப்போக வருகிறார். போனால் மறுபடி குடிப்பாள். மறுபடி விழும்போது வகுப்பறையில்தான் விழுவாள் என்று என்ன உத்தரவாதம்? சாலையைக் கடக்கும்போதும் விழலாம். எனக்கு இருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிறு காலையில்தான் சம்பந்தியம்மாள் வீட்டில் வாடிக்கைக்காரப் பெண்கள் எடை பார்க்கக் கூடுவார்கள். அந்த நேரமாகப் பார்த்து பஸ் ஏறினேன். சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்பதால் ஆப்பிளும் கமலா ஆரஞ்சும் வாங்கிக்கொண்டேன். பையில் அரக்கு, மெழுகுவத்தி, நூல், பழுப்பு உறை.

கூடத்தில் ஏழெட்டுப் பெண்கள். நடுவில் எடை மெஷின், அதன் பக்கத்தில் தன் முழுப் பரப்போடு சம்பந்தியம்மாள்.

"வாங்க சம்பந்தி! பொண்ணு எப்டி கீது? வெயில் தாங்கல அதுக்கு, அதான் மயக்கம்."

"நல்லா இருக்கா. எனக்கு ஒரு பெட்டி டீ வேணும். பில்லோட."

"இன்னா சம்பந்தி, வூட்டு ஆளுக்குப் போயி பில்லா?"

"அதுதாங்க முறை. இன்னொரு முறையும் இருக்கு. கவர்மெண்டு லேபுக்குப் பரிசோதனைக்கு அனுப்பத்தான் வாங்கறேன்னு வாங்கும்போதே விக்கிறவங்ககிட்ட சொல்லிடணும். சொல்லிட்டேன்."

சட்டம் உண்மையிலேயே அப்படித்தான் சொல்கிறது. சட்டம் எழுதியவர்கள் சம்பந்திகளை நினைத்து எழுதினார்களா தெரியாது. ஆனால் அன்று அவர்களை வாழ்த்தினேன்.

மஞ்சள் சேலை கட்டிய ஒரு பெண் திரும்பினாள். "டெஸ்டா? எதுக்கும்மா டெஸ்டு?"

"என் பொண்ணு இதைக் குடிச்சி மயங்கி விழுந்து ரெண்டு நாள் டிரிப்ஸ் ஏத்தினாங்க. ஸ்டேட்டஸ்ல பாத்திருப்பீங்களே, அவதான். இது பேதி மருந்துங்க, உடம்புல இருக்கற உப்பையெல்லாம் இறக்கிடும். உங்களுக்குக் கால் இழுக்குதா?"

"கெண்டைக்கால் இழுத்துக்கினே கீதும்மா. கொழுப்பு கரையறப்போ அப்டித்தான் இருக்கும்னு அக்கா சொல்லிச்சி."

அவள் மெல்லச் சம்பந்தியம்மாள் பக்கம் திரும்பினாள். தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். "ஆமா, நீ குடிக்கிறியாக்கா?"

"எனுக்கு ஒத்துக்காதுடி. ஒரே நாளு குடிச்சேன், வவுறு பேஜாரு பண்ணிடுச்சி."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது. மூலையில் ஒருத்தி, "அப்போ எங்க வவுறெல்லாம் இன்னா, முனிசிபாலிட்டி குழாயா?" என்றாள். சிரிப்பு கிளம்பியது. கல்யாண மேடையில் கேட்டதைவிடக் கொஞ்சம் பெரிய சிரிப்பு. நான் இந்த முறை சிரிக்கவில்லை. வேலை இருந்தது. அத்தனை பேர் முன்னால் மறுக்க முடியாமல் சம்பந்தியம்மாள் நீட்டிய பெட்டியையும் பில்லையும் வாங்கி, பெட்டியை உறையில் போட்டு, மெழுகுவத்தியை ஏற்றி, அரக்கை உருக்கி, உறைக்கு முத்திரை வைத்தேன். மஞ்சள் சேலைக்காரி தானாகவே வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

சம்பந்தியம்மாள் வாசல்வரை வந்தார். குரலைத் தாழ்த்தி, "உம் பொண்ணு வாழற வூடு இது. ஞாபகம் வெச்சிக்கோ" என்றார். 'ங்க' உதிர்ந்துவிட்டிருந்தது.

"வாழணும்னுதாங்க வந்தேன்" என்றேன்.

நான் வீடு திரும்புவதற்குள் செய்தி போன் வழியே வந்துவிட்டது. "நாலு பேரு முன்னால அவங்க மானத்த வாங்கிட்டியேம்மா. நாளைக்கு நான் எந்த மூஞ்சோட அங்க போவேன்?" என்று அழுதாள் மகள். அழட்டும் என்றிருந்தேன். அழ அவள் உடம்பில் தண்ணீர் இருக்கிறதே, அதுவே முன்னேற்றம்.

திங்கட்கிழமை மருமகன் வந்தார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். "பொட்டியெல்லாம் வந்த எடத்துக்கே அனுப்பிட்டோம் அத்தை. எல்லாரும் வந்து திருப்பிக் குடுத்துட்டுப் போறாங்க. அம்மா ஸ்டேட்டஸையும் எடுத்துட்டாங்க. நீங்க அந்த கவரை மட்டும் அனுப்பாதீங்க" என்றார்.

மகளும் அதையே வேறு விதமாகச் சொன்னாள். "அனுப்பினா உங்கூட பேசமாட்டேன்."

யோசித்தேன். அவள் இனி குடிக்கப்போவதில்லை, குடிக்க அங்கே எதுவும் இல்லை. நான் போனது அதற்குத்தான். ஆனால் அந்தப் பெட்டிகள் வந்த இடத்தில் இன்னும் ஆயிரம் பெட்டிகள் இருக்கும், வேறு ஊரில் வேறு ஒரு மாமியார் இருப்பார் என்றும் தோன்றியது. இது நல்ல காரணம்தான். ஆய்வகத்துக்கான மனுவிலும் இதைத்தான் எழுதினேன். உண்மைக் காரணம் அந்த வலது பக்கத்துப் படம்.

அவர்களை ஆட்டோவில் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்ட பிறகு, அதே ஆட்டோவைத் தபால் நிலையத்துக்கு விடச் சொன்னேன்.

மகள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள். மூன்று வாரமாகப் பேச்சில்லை. மருமகன் மட்டும் நேற்று அவளுடைய ரத்தப் பரிசோதனைத் தாளைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். பொட்டாசியம் சரியாக இருக்கிறது. இரண்டு முறை பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, சம்பந்தியம்மாள் நலமா என்று கேட்டு எழுதினேன்.