பூண்டு தின்ற டாக்டர்

மருதாயி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். குன்றாண்டார்கோவில் சமஸ்தான டிஸ்பென்சரியில் மருத்துவச்சிக்கு அது வேலையே இல்லை. பிரசவம் பார்ப்பது, புண் கழுவுவது, அழுகிறவர்களை அதட்டுவது, இவைதான் அவள் வேலை. புருஷன் செத்த மறுமாதமே புதுக்கோட்டைக்குப் போய்ப் பயிற்சியில் சேர்ந்தவள். உட்கார்ந்து அழ நேரமில்லை என்பாள். இந்த 1940-ஆம் வருஷத்தோடு பதினெட்டு வருஷ சர்வீஸ். இன்று நாலு பல் பூண்டு உரிக்க வேண்டியதாயிற்று, சொர்ணவல்லி விரலை நீட்டமாட்டேன் என்றதால்.

சொர்ணவல்லிக்கு ஏழாம் மாதம். ஒருநாள் விட்டு ஒருநாள் பல் கிட்டுகிற குளிர்காய்ச்சல். இப்படியே விட்டால் பிள்ளை தங்காது, தாய்க்கும் உத்தரவாதமில்லை. புதிதாக வந்த டாக்டர் ரெங்கராஜோ, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் வைத்து மலேரியாக் கிருமியைப் பார்க்காமல் வயிற்றுப்பிள்ளைக்காரிக்குக் கொயினா மருந்து கொடுக்கமாட்டேன் என்றார். அதுவும் சரிதான். ஆனால் சொர்ணவல்லி போன வாரம் புருஷன் வெள்ளைச்சாமியோடு கீரனூர் டெண்டுக் கொட்டகையில் ஒரு இங்கிலீஷ் படம் பார்த்துவிட்டாள். அதில் ஒரு துரை. கறுப்புக் கோட்டு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. பெண்களின் ரத்தத்தைக் குடிப்பது தொழில். டாக்டருக்கும் கறுப்புக் கோட்டு, படிய வாரிய தலை. கையில் ஊசி வேறு.

"அவனேதாங்க்கா" என்றாள் சொர்ணவல்லி, புருஷனின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு.

"அவன் சீமைப் பேய்டி. கீரனூர்ல எறங்கி, வண்டி புடிச்சு, இங்கிட்டு வந்து ஒன் சோகை ரத்தத்தையா குடிக்கப் போறான்?"

எடுபடவில்லை.

அந்தப் படத்துக்குத் திரையோரம் நின்று தமிழில் கதை சொன்ன ஆண்டியப்பன், கத்திக் கத்தித் தொண்டை புண்ணாகி, மருந்து தடவிக்கொள்ள வந்திருந்தான். அவன் நாக்கைக் கரண்டியால் அழுத்திக்கொண்டே மருதாயி விசாரித்தாள். நாக்கை விட்டதும் சொன்னான். அது ஒரு பழைய கதைப் புத்தகமாம். ஒரு வாத்தியார் அவனுக்குப் படித்துச் சொல்லியிருக்கிறார். புத்தகத்தில் அந்தத் துரை கிழவன். காக்காய் நகம், கிட்டே போனால் பிண நாற்றம். படக்காரர்கள்தான் குளிப்பாட்டித் தலைவாரி மாப்பிள்ளையாக்கிவிட்டார்கள்.

"பயத்துக்கு மட்டும் எவன் டிக்கெட் எடுப்பான்? கொஞ்சம் ஆசையும் வேணும்ல" என்றான்.

சுண்ணாம்பு கேட்டு வருகிற மோகினிக்கு மீசை எழுதிக் கோட்டு மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று மருதாயிக்கு விளங்கிவிட்டது. நம்மூர்ப் பேயாவது கோழியும் கருவாடும் வாங்கிக்கொண்டு போய்ச் சேரும். இது எதற்கு அடங்கும் என்று கேட்டாள். புத்தகத்தில் பூண்டுக்கு என்றான்; படத்தில் காட்டிய ஏதோ சீமைச் செடியையும் பூண்டு என்றுதான் கதை சொன்னானாம்.

உரித்த பூண்டைத் தட்டில் கொண்டுபோய் எல்லோர் முன்னிலையிலும் டாக்டர் மேஜையில் வைத்து, விஷயத்தைச் சொன்னாள். அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"எங்காத்துல பூண்டு சேர்க்கறதில்லை."

சொர்ணவல்லி வாசற்படியைத் தாண்டிவிட்டாள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த வெள்ளைச்சாமியும் சிரிப்பை நிறுத்தினான். ஐயங்கார் வீட்டு ஆசாரம் அப்படி என்று மருதாயி எடுத்துச் சொன்னாள். அந்தத் துரையும் ஆசாரக்காரர்தானோ என்னவோ என்று அவன் சந்தேகப்பட்டான்.

மருதாயி டாக்டர் பக்கம் திரும்பினாள். "ஒரு பல்லு, ஐயா. இல்லாட்டி ரெண்டு உசுரு வெளிய நடந்து போகுது. சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

"அம்மாவுக்கு?"

"அத நீங்கதான் சொல்லிக்கணும்."

டாக்டர் வாசலைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு பல்லை வாயில் போட்டு மென்றார். பச்சைப் பூண்டு. கண்ணில் நீர் கொட்டியது, மூக்கு சிவந்தது. புகை ஒன்றும் வரவில்லை. வாசலிலிருந்து திரும்பி வந்து, வாயைத் திறந்து காட்டச் சொன்னாள் சொர்ணவல்லி. காட்டினார்.

"இன்னொண்ணு" என்றாள்.

அதையும் தின்றார். மூன்றாவது கேட்க அவள் வாயெடுப்பதற்குள் மருதாயி அவள் விரலைப் பிடித்துக் குத்தி, சொட்டைச் சில்லில் வாங்கிவிட்டாள்.

மறுநாள் காலையில் டாக்டர் சில்லைப் பார்த்துவிட்டு, கிருமி இருக்கிறது என்றார். மருதாயி கொயினாவைக் கலக்கி, சொர்ணவல்லியின் மூக்கைப் பிடித்து ஒரே மடக்கில் ஊற்றினாள். டாக்டரின் கறுப்புக் கோட்டை ஆணியிலிருந்து எடுத்து, மருந்து பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மீதி இரண்டு பல்லை நசுக்கித் தன் ரசத்தில் போட்டாள்.