தகட்டைக் கழற்றியவருக்கு, எஞ்சினுக்கு மனுப் போட்டவன் எழுதுவது

எங்கள் வள்ளத்தின் முன்பக்கத்தில் நான்கு திருகாணி போட்டுப் பூட்டியிருந்த பித்தளைத் தகட்டைக் கழற்றிக்கொண்டு போனவர் நீர்தான். பெயர் தெரியாது. தெரிந்திருந்தால் பத்திரிகையில் இப்படி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், நேரே உம்முடைய வாசலுக்கு வந்திருப்பேன். ஆனால் நீர் எதைக் கழற்றினீர் என்று உமக்கே தெரியாது என்று நினைக்கிறேன். அதற்காகத்தான் இவ்வளவு கதையும்.

கேட்டு வாங்குகிற தொழில் இருக்கிறதே, அது விற்கிற தொழிலைவிடக் கஷ்டமானது. விற்கிறவன் கையில் சாமான் இருக்கும். கேட்கிறவனுக்கு வாய் மட்டும்தான். வாசிகசாலைக்கு அலுமாரி, பள்ளிக்கூடத்துக்குக் கதிரை என்று யாருக்காவது மனுப் போட்டுவிட்டுத் தபாற்காரனின் சைக்கிள் மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது ஐந்தாம் வகுப்பு. மிச்சமெல்லாம் டொக்யார்ட் ஏலத்தில் படித்தது. வெள்ளைக்காரன் கப்பற்படைச் சாமானை விற்றுவிட்டுப் போன காலத்தில் பழைய சங்கிலி, செம்பு, பித்தளை என்று வாங்கி விற்றுத்தான் ஒரு கடை போட்டேன். வாய் கொஞ்சம் பெரிது, கோபம் அதைவிடப் பெரிது. இப்படிப்பட்டவனை நோயாளர் வள்ளச் சங்கத்துக்குச் செயலாளராகப் போட்டது ஊரின் பிழை.

சங்கம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரேயொரு வள்ளம். மூதூர்ப் பக்கத்து நோயாளிகளைக் குடாவைக் கடந்து திருக்கோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவருவது அதன் வேலை. பயணிகளை ஏற்றுகிற லோஞ்ச் படகு தன் நேரத்துக்குத்தான் ஓடும். பிள்ளைவலியும் தன் நேரத்துக்குத்தான் வரும். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டவர்களுக்கு எங்கள் வள்ளம். அதற்குத் துடுப்பும் பாயும்தான். வாடைக்காற்று எதிர்த்தால் அரைநாள் போய்விடும். அப்படி ஓர் அரைநாளில், கட்டைபறிச்சான் ஊர்ப் பெண்ணொருத்தி கரை கண்ணுக்குத் தெரியத் தெரிய எங்கள் வள்ளத்திலேயே உயிரை விட்டாள். அடுத்தநாள் எஞ்சினுக்கு மனு எழுதக் குந்தினேன்.

கடல் இருக்கிறபடியால்

கொழும்பில் ஒரு வியாபாரக் குடும்பம், தாய் இறந்தபிறகு அவருடைய நினைவாகத் தங்கள் சொத்தில் ஒரு நிதியம் வைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டு விண்ணப்பப் படிவம் எடுப்பித்தேன். எட்டுப் பக்கம். மூன்று பிரதி வேண்டுமாம். 'உங்கள் தேவை என்ன?' என்று கேட்டிருந்தது. 'எஞ்சின்' என்று எழுதினேன். 'இத்தேவை எவ்வாறு எழுந்தது?' 'கடல் இருக்கிறபடியால்.' 'இதற்கு முன்னர் வேறெவரிடமும் உதவி கோரினீர்களா? அவர்கள் மறுத்த காரணம் யாது?' அதற்கு நான் எழுதியதை இங்கே அச்சில் போட ஏலாது.

சங்கத்தின் தனாதிகாரி பிலோமினா ரீச்சர். தேவாலயச் சுவாமியாரிடம் ரைப்ரைட்டரை இரவல் வாங்கி மனுக்களைத் தட்டித் தருபவரும் அவர்தான். நான் எழுதியதை இரண்டுதரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் தரமும் வாசித்தார். பிறகு கேட்டார்: "அண்ணை, இது உதவி கேக்கிற மனுவோ, இல்லாட்டி வெளியில வாடா எண்டு கூப்பிடுற கடிதமோ?"

இரண்டு கேட்டால் ஒன்று

ரீச்சர் திருத்தி அழகாகத் தட்டிவைத்த மனுவில், தபாலில் சேர்க்குமுன் நான் பேனையால் ஒரு சின்னத் திருத்தம் செய்தேன். ஒரு எஞ்சினை இரண்டாக்கினேன். அதற்குப் பொருத்தமாக ஒரு வள்ளத்தையும் இரண்டாக்கினேன். ஏலத்தில் வளர்ந்தவனுக்கு இது பொய் இல்லை, மரியாதை. நான் கூட்டிச் சொல்வேன், நீ குறைத்துக் கேட்பாய், நடுவில் வந்து கைகொடுப்போம். கேட்டதை அப்படியே கொடுத்துவிட்டால் இரண்டு பேருக்கும் அன்றைக்குச் சோறு இறங்காது.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. குறைத்துக் கேட்கவில்லை. மறுக்கவுமில்லை. 'தங்கள் இரு வள்ளங்களையும் நேரில் பார்வையிட எமது குடும்பத்தவர் ஒருவர் வருகிறார்' என்று ஒரே வரி. வள்ளம் ஓட்டுகிற மூதூர் இஸ்மாயில் நானாவுக்கு வாசித்துக் காட்டினேன். மனுசன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, இறங்குதுறை ஜெட்டியடியில் தன்னந்தனியாக ஆடிக்கொண்டிருந்த எங்கள் வள்ளத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். "முதலாளி, எஞ்சினைப் பேனையால ரெண்டாக்கிட்டீங்க. வள்ளத்தை எதால ரெண்டாக்கப் போறீங்க?"

நீலக் கை

விறகு ஏற்றுகிற வள்ளமொன்றை இரவல் வாங்கினோம். எங்களுடையது நீலம், அது கறுப்பு. முதல்நாள் பின்னேரம் முழுக்க நானும் நானாவும் நீலம் அடித்தோம். மாரிகாலத்துக் கடற்கரை ஈரத்தில் பெயின்ற் காயுமா? காயவில்லை.

வந்தவர் அந்தக் குடும்பத்தின் மூத்த மகள். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைப் பருத்திச் சேலை, கையில் ஒரு பைல். ஓர்ஸ் ஹில்லில் தெரிந்தவர்கள் வீட்டில் தங்கியவர், கார் வேண்டாமென்று ஜெட்டிக்கு நடந்தே வந்துவிட்டார். முதலாவது வள்ளத்தில் ஏறி இறங்கினார். இரண்டாவதில் ஏற விளிம்பைப் பிடித்தார். "இது எப்ப வாங்கினது?" என்று கேட்டார். "போன வருசம்" என்றேன். அவர் உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார். நீலம். சேலைக்கரையும் நீலம்.

பிடிபட்டால் எனக்கு வெட்கம் வராது, கோபம்தான் வரும். "ஓம், பொய்தான்! ரெண்டு கேட்டால் ஒண்டாவது தருவீங்கள் எண்டு நினைச்சனான். நீங்கள் குறைச்சுக் கேட்டிருக்க வேணும். கேக்காதது உங்கட பிழை!" என்று கத்தினேன். ரீச்சரின் கை செபமாலையைத் தேடியது. கத்தினபடியே அந்தக் கட்டைபறிச்சான் பெண்ணின் கதையையும் சொன்னேன்.  அந்தம்மா ஜெட்டிக் கட்டில் உட்கார்ந்து, தன்னுடைய நீலக் கையைப் பார்த்தபடி சொன்னார்: "எங்கட அப்பாவும் உங்களைப் போலத்தான். ஆர் வந்து கேட்டாலும் பாதியாக் குறைச்சுத்தான் குடுப்பார். மற்றப் பாதியை அம்மா பின்பக்கக் குசினி வாசலால குடுத்துவிடுவா. நான் அம்மாட ஆள். ஒண்டு கேளுங்கோ, ஒண்டு தாறன்."

அம்மாவுக்கு

எஞ்சின் வந்து இறங்கிய அன்றைக்கு, அதன் பெட்டியை உடைக்க விடாமல் நான் சும்மா சுற்றிச் சுற்றி வந்தேன். நிதியத்துக்கு ஒரேயொரு நிபந்தனை. வள்ளத்தில் ஒரு தகடு இருக்கவேண்டும். வருசா வருசம் அறிக்கையோடு அந்தத் தகட்டின் படமும் போகவேண்டும், படம் இல்லாவிட்டால் அடுத்த உதவி இல்லை. தகட்டில் குடும்பப் பெயர் கூடாது, 'அம்மாவுக்கு' என்ற ஒரே சொல் போதும் என்றார் அந்தம்மா. நான் அதற்கும் பேரம் பேசினேன். இவ்வளவு செய்தவர்களுக்கு ஒரு சொல்லோ, முழுப்பெயரையும் போடுவோம், தகட்டையும் பெரிதாக்குவோம் என்றேன். அவர் அசையவில்லை. கடைசியில், யார் என்ன விலை சொன்னாலும் விற்க மனமில்லாமல் கடைக்குள் ஒளித்துவைத்திருந்த கப்பல் பித்தளையில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். என் சீவியத்தில் பேரம் பேசாமல் என் கையைவிட்டுப் போன சாமான் அது ஒன்றுதான்.

எஞ்சின் ஓடத் தொடங்கிய முதற்கிழமை, கட்டைபறிச்சானில் வயல் செய்கிற கமக்காரர் ஒருவர் தாயைக் கொண்டுவந்தார். தாய் உயிர் தப்பிவிட்டார். திரும்பிப் போகும்போதுதான் அந்த மனுசன் தகட்டைக் கண்டார். எழுத்தெழுத்தாக வாசித்தார். விரலால் தடவினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஐயா, என்ர அம்மாவைக் கொண்டு வருவன் எண்டு உங்களுக்கு முந்தியே தெரியுமோ?"

சிப்பிக் கணக்கு

அறிக்கைப் படிவத்தில் எட்டாம் கேள்வி, 'பயனடைந்தோர் தொகை'. நானாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வள்ளத்தில் காலியான பிஸ்கற் தகர ரின் ஒன்று வைத்து, ஏறுகிற நோயாளிக்கு ஒரு சிப்பி போட்டுவந்தார். வீட்டுக்குத் திரும்புகிறவர்களுக்கு இன்னொரு ரின். திரும்பாதவர்களுக்கு ஒரு கறுப்புக் கல். கற்களும் இருந்தன, பொய் சொல்லக்கூடாது. ஆனால் எஞ்சின் வந்தபிறகு, வழியில் வள்ளத்துக்குள்ளேயே உயிர் போனதற்குப் போட்ட கல் ஒன்றுகூட இல்லை.

வருசமுடிவில் ரீச்சர் எண்ணிப் பார்த்தால் போனவர்களைவிட வந்தவர்கள் கூடுதல். நான் நானாவில் பாய்ந்தேன். அவர் அமைதியாகச் சொன்னார், பிள்ளைப்பெறுவுக்குப் போகும்போது ஓர் ஆள், வரும்போது இரண்டு ஆள் என்று. எந்தத் தொகையை எழுதுவது என்று ரீச்சர் அந்தம்மாவுக்கே கடிதம் போட்டார். தபாலட்டையில் பதில் வந்தது: "வந்த தொகையை எழுதுங்கோ. அம்மாவுக்கு அதுதான் பிடிக்கும்."

இந்தமுறை ஒன்றுதான்

எல்லா எஞ்சினுக்கும் வயது போகும். எங்களுடையது இப்போது கிழவனைப் போல இருமுகிறது. போன வாடைக்கு இரண்டுமுறை நடுக்குடாவில் நின்றுவிட்டது. ஒருமுறை உள்ளே இருந்தது நிறைமாதக்காரி. நானா துடுப்புப் போட்டுக் கரைசேர்த்தார். இனி அவருக்கும் தோள் கேட்காது. திரும்பவும் மனுப் போட்டேன். ஒரு வள்ளம், ஒரு எஞ்சின். நான் பேனையைத் தொடவில்லை என்று ரீச்சர் நின்று பார்த்துத்தான் உறையை ஒட்டினார். தைப்பொங்கல் கழியத் தானே வருவதாகவும், தங்கைமாரையும் கூட்டிவந்து தகட்டைக் காட்டப்போவதாகவும் அந்தம்மா எழுதினார். கடிதம் வந்த அடுத்த கிழமை தகட்டைக் காணவில்லை. நான்கு ஓட்டையும், கழற்றிக் கீழே போட்டிருந்த நான்கு திருகாணியும்தான் இருந்தன.

புதிதாக ஒன்று வெட்டிப் பூட்டலாமே என்றார் ரீச்சர். ஏலாது. புதியதைப் பழையதென்று அந்தம்மாவுக்குக் காட்டி ஒருமுறை பிடிபட்டவன் நான். இரண்டாந்தரம் அந்தக் கையை என் முகத்துக்கு நேரே பார்க்க என்னால் முடியாது. ஆகவே தேடினேன். இந்தத் துறைமுகத்தில் பித்தளை விற்பதென்றால் என் தராசுக்கோ எனக்குத் தெரிந்தவன் தராசுக்கோ வராமல் போகாது. கிண்ணியா வரைக்கும் கேட்டுப் பார்த்தேன். வரவில்லை. ஒருநாள் முழுக்க நான் கத்தி முடித்தபிறகு நானா சொன்னார்: "விக்கிறதுக்கு எடுத்தவன் என்டா எஞ்சினையெல்லோ கழட்டியிருப்பான். இவன் தகட்டை மட்டும் கழட்டியிருக்கான். இந்த வள்ளத்துல உம்மாவைக் கொண்டுபோன ஆளாத்தான் இருக்கும், முதலாளி."

அதைக் கேட்டபிறகு எனக்கு இரண்டுநாள் கோபமே வரவில்லை. கடைக்கு வந்தவர்கள் பயந்துபோனார்கள்.

நானா சொன்னது சரியென்றால், உம்முடைய தாய்க்குச் சிப்பி விழுந்ததோ கல் விழுந்ததோ எனக்குத் தெரியாது. எதுவானாலும் அந்தச் சொல் உமக்கும் உரியதுதான், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் உம்முடைய தாயைக் கொண்டுபோனது தகடு இல்லை ஐயா, எஞ்சின். இனி வரப்போகிற தாய்மாருக்கு எஞ்சின் வேண்டுமென்றால் தகடு இருக்கவேண்டிய இடத்தில் இருக்கவேண்டும். பொலிசுக்குச் சொல்லவில்லை. யாரென்று கேட்கவும் மாட்டேன். திருகாணி நான்கும் நானாவின் சிப்பி ரின்னுக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

சீவியம் முழுக்க இரண்டு கேட்டு ஒன்று வாங்கியவன் உம்மிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன், இதில் குறைப்பு இல்லை: பொங்கலுக்கு முந்தித் தகட்டைக் கொண்டுவந்து உம்முடைய கையாலேயே பூட்டிவிடும்.